பெடல் கட்டை

கருணாகரன் மூன்றாவது முறையாக டிரைவிங் டெஸ்டில் தோற்றது ஒரு திங்கட்கிழமை. செய்தி காலை பத்து மணிக்கே அவன் குடியிருந்த காஜா பேராங் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவன் வந்து சேரச் சாயங்காலமானது.

பதினான்கு வருஷமாகப் பஸ் கம்பெனிப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. எஞ்சினைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பிவிட்டுத் திரும்பப் பூட்டுவான். ஒரு வாஷர் மிஞ்சாது. பட்டறை முற்றத்துக்குள் எந்தப் பஸ்ஸையும் முன்னும் பின்னும் ஓட்டுவான். ரோட்டில், பக்கத்தில் ஓர் ஆள் காகிதத்தோடு உட்கார்ந்துவிட்டால் மட்டும் அவனுக்கு ஏதாவது நேர்ந்துவிடும்.

இந்த முறை பாலத்தின் மேல் போகும்போது டெஸ்ட் வண்டியின் ஃபேன் பெல்ட் கீச்சிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். கருணாகரன் நடுப்பாலத்தில் நிறுத்தினான். இறங்கினான். பானட்டைத் திறந்தான். பின்னால் இரண்டு மாட்டு வண்டியும் ஒரு மீன் லாரியும் ஏழெட்டு ட்ரைஷாவும் நின்றன. அதிகாரி வண்டிக்குள் உட்கார்ந்தபடியே காகிதத்தில் ஒரு கோடு போட்டார்.

வீட்டில் கமலவேணி கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"என்னங்க, அந்தப் பெல்ட்டு சரியாப் போச்சா?"

"யாரு சொன்னா?"

"மீரான் அண்ணே. அவரு கடைக்கு ஐஸ் போடுற ஆளு ஒங்களுக்குப் பின்னாடிதான் நின்னானாம்."

"சரியாப் போச்சு. ரெண்டு திருகுதான்."

"அந்த மட்டும் நல்லது லா. மூஞ்சியக் கழுவிட்டு வாங்க, சோறு போடுறேன்."

அவன் கிணற்றடிக்குப் போனான். வழியில் தகரச் சாய்ப்புக்குள் நின்ற வண்டியைப் பார்க்காமல் போனான். அதுவரை அப்படிப் போனதில்லை.

அந்த வண்டி அவன் செய்தது. சேசிஸும் எஞ்சினும் கிளேபாங்கில் ஒரு தென்னந்தோப்பில் கிடந்தவை. யுத்தத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிய சின்னக் கார். ஜப்பான்காரன் வந்தபோது விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். சீட் இருந்த இடத்தில் கோழி முட்டையிட்டிருந்தது. கருணாகரன் அதை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான். கமலவேணி மருத்துவச்சிப் படிப்புக்குச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போன மாதம் அது. இரண்டு வருஷம் அவள் அங்கே இருந்தாள். இவன் பட்டறை விட்டு வந்து, சோறு வடித்து, கருவாட்டைச் சுட்டுத் தின்றுவிட்டு, அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் சேசிஸின் துருவைத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்து முடிந்ததும் மேலே ஏதாவது கட்ட வேண்டும் போலிருந்தது.

சட்டத்துக்கு மெரந்தி மரம். அதன்மேல் எண்ணெய் டிரம்மை வெட்டி விரித்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்த தகடு. முன் விளக்கு இரண்டும் மோட்டார் சைக்கிள் விளக்கு. பெயிண்ட் பட்டறையில் மிஞ்சியது: மேலே வெண்ணெய் நிறம், கீழே பச்சை. ரம்புத்தான் மரத்தடியில் பெயிண்ட் அடித்ததால் கதவில் இரண்டு சிவப்பெறும்பு ஒட்டிக் காய்ந்துவிட்டன. அவற்றைச் சுரண்டினால் பெயிண்டும் வரும் என்று விட்டுவிட்டான். மூலைக்கடை நாகூர் மீரான் முதல்முறை பார்த்தபோது, "பஸ்ஸு குட்டி போட்டிருக்கு" என்றார். தெருவில் அந்தப் பேரே நின்றுவிட்டது.

கமலவேணிக்குக் குருபோங் கிளினிக்கில் வேலை போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர வேண்டும். மருத்துவச்சி கிளினிக்கிலேயே குவார்ட்டர்ஸில் தங்க வேண்டும் என்பது விதி. பெண்கள் மட்டும் தங்கும் குவார்ட்டர்ஸ். மோட்டார் வண்டி சொந்தமாக இருந்தால் வீட்டிலிருந்து வந்து போகலாம் என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. கருணாகரன் அந்த வரியை எத்தனை தரம் வாசித்தான் என்று சொல்ல முடியாது. மோட்டார் ஆபிஸுக்கு எழுதிப் போட்டான். வீட்டில் செய்த வண்டி ரோட்டில் ஓட வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை தேதி கிடைத்தது. அதை விட்டால் மெர்டேக்கா, சுதந்திரக் கொண்டாட்டம் எல்லாம் முடிந்து செப்டம்பரில்தான்.

திங்கட்கிழமை லைசென்ஸ், வெள்ளிக்கிழமை வண்டி என்பது அவன் போட்ட கணக்கு. திங்கட்கிழமை இப்படிப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை மீரான் கடையில் பசியாற உட்கார்ந்திருந்தான். ரொட்டியைக் கோப்பியில் நனைத்தான், தின்னவில்லை. பக்கத்தில் தேவதாஸ். அதே கம்பெனியில் பஸ் ஓட்டுகிறவன்.

"வெள்ளிக்கெழம எனக்கு மத்தியானம்தான் ஷிஃப்ட். நான் ஓட்டிக் காட்டிட்டு வந்துடுறேன்ணே" என்றான் தேவதாஸ்.

மீரான் டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார். "காட்டிட்டு வந்துடுவ. ஒண்ணாந்தேதிலேர்ந்து யாரு குருபோங்குக்கு ஓட்டுவா? நீயா? ஒன் பஸ்ஸ என்ன செய்வ, மடிச்சு சட்டப் பையில வெச்சுக்குவியா?"

"அதுக்குள்ள அண்ணே பாஸ் பண்ணிடுவாரு."

"எத்தன நாளுல? ஒம்போது நாளுலயா? மூணு வருஷத்துல மூணு தடவ பாத்தாச்சு. நாலாந்தடவ பானட்ட மட்டுமா தொறப்பான், எஞ்சினையே எறக்கிடுவான்."

தேவதாஸ் சிரித்துவிட்டுக் கருணாகரனைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

வெங்காயம் வாங்க வந்த கமலவேணி கூடையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"நான் ஓட்டுறேன்" என்றாள்.

மீரான் டம்ளரை வைத்தார். "அட, தங்கச்சிக்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே!"

"இருக்குண்ணே. பிஸ்கட் டின்னுல."

அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிரம்பானில் மேட்ரன் சொன்னதால் ஆஸ்பத்திரி வேன் டிரைவரிடம் கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே வாங்கியது. சர்ட்டிபிகேட்டோடு பிஸ்கட் டின்னில் வைத்து மூடிவிட்டாள். மூன்று வருஷமாக அந்த டின்னின் மேல் கருணாகரன் தன் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறான்.

"அது சிரம்பான் லைசென்ஸு" என்றான் கருணாகரன்.

"சிரம்பானும் மலாயாவுலதான் இருக்கு. அரைக் கட்டி வெங்காயம் குடுங்கண்ணே, சின்னது."

அன்று சாயங்காலம் அவள் முதல் முறையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே இருவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்குக்கு மேலே அவள் நெற்றிதான் தெரிந்தது. காலை நீட்டினாள். பெடல் இன்னும் முக்கால் சாண் தள்ளி இருந்தது.

வண்டி கட்டும்போது அந்தச் சீட்டை அவன் தன் உடம்பைக் கொண்டு அளந்தான். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முதுகு எங்கே, முட்டி எங்கே, கை எங்கே என்று கரித்துண்டால் கோடு போட்டுத்தான் சட்டத்தை அறுத்தான். பக்கத்துச் சீட்டை அவளுக்கு அளந்தான். அவள் அப்போது ஊரில் இல்லை. பெட்டியில் அவள் விட்டுப்போன பாவாடையை எடுத்து அதன் நீளத்தை வைத்து அளந்தான். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கணக்கு சரியாக வந்தது. அவள் கால் அவ்வளவுதான் நீளும் என்பதால் மிச்ச இடத்தில் பேட்டரிப் பெட்டியை வைத்துப் பூட்டினான். ஒரு சாண் இடம்கூட வீணாகவில்லை என்று அன்றைக்கு அவனுக்குச் சந்தோஷம்.

"சீட்ட முன்னாடி தள்ள முடியாதா?" என்று கேட்டாள்.

"சட்டத்தோட சேத்து அடிச்சிருக்கு. பின்னால பெட்ரோல் டாங்கி. பிரிச்சா ஒரு மாசம் ஆகும்."

"பெடல?"

"பெடல வளைச்சா பிரேக் ராடு எல்லாம் மாறணும்."

அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள். தலையணை இரண்டோடு வந்தாள். ஒன்றை அடியில் போட்டாள், ஒன்றை முதுகுக்கு வைத்தாள். இப்போது மூஞ்சி தெரிந்தது. கால் கட்டைவிரல் பெடலின் விளிம்பைத் தொட்டது. தொட்டதோடு சரி.

"இன்னும் ரெண்டு அங்குலம்" என்றான் கருணாகரன்.

அவள் திரும்ப இறங்கினாள். கிணற்றடிக்குப் போய், துணி துவைக்கும்போது போட்டுக்கொள்ளும் தன் மரச்செருப்பைக் கொண்டுவந்து பானட்டின் மேல் வைத்தாள். சீனன் கடையில் வாங்கிய தெரொம்பா. குறுக்கே ரப்பர் வார், கீழே இரண்டு அங்குலக் கட்டை.

"இத பெடல் மேல வெச்சு அடிங்க."

"ஆபிஸுல சிரிப்பாங்க."

"சிரிச்சிட்டுப் போறாங்க. கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்ல மரம். வாரைப் பிடுங்கினான். ஒவ்வொரு கட்டையையும் நடுவில் அறுத்தான். ஒரு ஜோடியில் நான்கு துண்டு. கிளட்சுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று. நான்காவதைச் சீவி, சக்கரத்துக்குக் கொடுக்கும் ஆப்பாக்கினான். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் துண்டுக்கு இரண்டு போல்ட் என்று துளைபோட்டு மாட்டிவிட்டான். காலுக்கு வழுக்காமல் இருக்க மேலே பழைய டயரின் ரப்பரை வெட்டி ஆணியடித்தான்.

கமலவேணி குனிந்து பெடலுக்குக் கீழே பார்த்தாள். ஆறு போல்டிலும் ஆறு நட். எல்லாம் இரண்டு பக்கமும் காது வைத்த நட். விரலால் திருகினால் கழன்று வரும்.

"ஏங்க காது நட்டு போட்டிருக்கீங்க?"

"சுத்தம் பண்ண வசதியா இருக்கும்."

பெடலைச் சுத்தம் பண்ணுகிறவர்களை அவள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை பிரேக் பார்த்தார்கள். மீரான் கடைக்குப் பின்னால் ஒரு செம்மண் பாதை ஓடைக்கு இறங்கும். போலீஸ் வராத இடம். மீரான் மூன்று மூட்டை வெங்காயம் கொடுத்தார். அதுவும் போதாது என்று கருணாகரன் சொன்னதால் மீரானின் மனைவி ஷரீஃபாவை முன் சீட்டில் ஏற்றினார்கள். அவன் ஆப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடைக்கரையில் நின்றான்.

"கமலா, நான் எறங்கிக்கிறேன் லா. வெங்காயம் போதும்" என்றாள் ஷரீஃபா.

"கனம் வேணும்கா. அப்பதான் பிரேக்கு புடிக்குதான்னு தெரியும்."

"கனம்னதும் என் மொகம்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"கால நல்லா ஊனிக்கிங்க."

"எங்க ஊனுறது? முன்னாடி பொட்டி இருக்கு. நீ என்னைய விட ரெண்டு அங்குலம் குட்ட, ஒனக்குச் செஞ்ச சீட்டுல நான்... யா அல்லா!"

வண்டி இறங்கியது. பாதி சரிவில் கமலவேணி பிரேக்கை மிதித்தாள். நான்கு சக்கரமும் செம்மண்ணில் கோடு போட்டு நின்றன. ஒரு மூட்டை அவிழ்ந்து வெங்காயம் ஓடை வரை உருண்டது. கருணாகரன் கோடுகளைக் குனிந்து பார்த்தான். இடது பின் சக்கரத்தின் கோடு கொஞ்சம் குட்டை. கீழே படுத்து அதற்கு அரைத் திருகு கொடுத்தான். மறுபடி ஓட்டச் சொன்னான். நான்காம் முறை நான்கு கோடும் ஒரே நீளம்.

"போதுமா?" என்று மேலிருந்து கமலவேணி கேட்டாள்.

"போதும்."

"எனக்கு எப்பவோ போதும்" என்றாள் ஷரீஃபா. இறங்கி, முந்தானையை மடி கட்டிக்கொண்டு வெங்காயம் பொறுக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்னே சுமாத்ரா அடித்தது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து ஒரு மணி நேரம் ஊரைப் புரட்டிவிட்டுப் போகும் காற்று. தகரக் கூரை இரண்டு இடத்தில் தூக்கித் தூக்கி அடித்தது. ரம்புத்தான் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. சாய்ப்பின் மேல் விழவில்லை. ஏழு மணிக்கு மழை தூறலாகக் குறைந்தது. கமலவேணி வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டாள். விளக்கு இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாள். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தாள்.

"நீங்க ஏறல?"

"நான் சைக்கிள்ள பின்னாடி வர்றேன். பின்னாடி வந்தாத்தான் சக்கரம் ஆடுதான்னு தெரியும்."

ஒருநாள் பெர்மிட் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வண்டி முன்னால் போயிற்று. அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேற்றுத் தண்ணீர் முகத்தில் தெறிக்க, பின்னால் மிதித்தான். சக்கரம் ஆடவில்லை. திரும்பும் இடத்தில் கையைச் சரியாக நீட்டினாள். ட்ரைஷாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது வண்டியையா ஓட்டுகிறவளையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மோட்டார் ஆபிஸ் கடலோரத்தில் ஒரு நீளக் கொட்டகை. முன்னால் சிமெண்டுத் தளம். கிளார்க் பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். மூக்கு நுனியில் கண்ணாடி. மேஜையில் இருந்த படிவங்களில் இன்னும் ராணியின் கிரீடம் அச்சடித்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து எழுதினார்.

"பெயர்?"

"கருணாகரன்."

"ஓட்டிறது ஆர்?"

"நான்தான்" என்றாள் கமலவேணி. லைசென்ஸை நீட்டினாள். மூன்று வருஷமாக மடிப்புக் கலையாத காகிதம். பிஸ்கட் வாசம் அடித்தது.

"ஓம், சரி. இது என்ன மேக்?"

கருணாகரனுக்குப் புரியவில்லை. "நான் செஞ்சதுங்க."

"செய்ததெண்டு எழுதேலாது தம்பி. ஆஸ்டின், மோரிஸ், எதாவது ஒரு பேர் வேணும். இந்தக் கட்டத்தை வெறுமையா விட்டா மேல இருக்கிறவன் திருப்பி அனுப்பிப் போடுவான்."

"எஞ்சின் ஒரு வண்டி, லைட்டு ஒரு வண்டி, ஸ்டியரிங்கு வேற வண்டிங்க."

"அப்ப இதை எங்க செய்தனீர்?"

"வீட்டுலங்க. காஜா பேராங்குல."

பொன்னுதுரை பேனாவை உதறினார். பிறகு அந்தக் கட்டத்தில் 'காஜா பேராங்' என்று எழுதி அடியில் கோடு போட்டார். "இனி ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார்.

இன்ஸ்பெக்டர் மொந்தேரோ உஜோங் பாசிர் ஆள். மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்த போர்ச்சுகீசியர். அதிகம் பேசமாட்டார், பேசினால் மலாய். வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். ஒரு முறை கதவை விரல் முட்டியால் தட்டினார். சட்டத்தின் மூட்டுகளைத் தடவிப் பார்த்தார். "படகு கட்டுவாயா?" என்று கருணாகரனிடம் கேட்டார். இல்லை என்றான். கதவில் ஒட்டியிருந்த எறும்பைப் பார்த்தார்.

விளக்கைப் போடச் சொன்னார். இடது விளக்கு சிவப்பாக எரிந்தது. மழையில் குங்குமம் கண்ணாடி முழுவதும் வழிந்திருந்தது. முன்னால் வெள்ளை விளக்குதான் எரிய வேண்டும் என்றார். கமலவேணி கைக்குட்டையை எச்சில் தொட்டுத் துடைத்தாள். ஹாரன், வைப்பர், கண்ணாடி, டயர், புகைக்குழாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி போட்டார். ஸ்டியரிங்கை அசைத்துப் பார்த்தார், ஆட்டமில்லை. கருணாகரன் மூச்சு விட்டான்.

மொந்தேரோ டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்தார். தலையணைகளைப் பார்த்தார். பெடல்களைப் பார்த்தார். கையால் தடவினார். வார் இருந்த இடத்தில் ஆணித் துளைகள் இருந்தன.

"தெரொம்பாவா?"

"ஆமாம் துவான்" என்றான் கருணாகரன் தரையைப் பார்த்து.

மொந்தேரோ சிரிக்கவில்லை. காலால் உந்திப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கட்டை அசையவில்லை. தலையை ஆட்டினார். பிறகு கையைப் பெடலுக்கு அடியில் விட்டார். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு காது நட் இருந்தது.

"தாக் போலே" என்றார். முடியாது.

கட்டை இருப்பது தப்பில்லை. கட்டை கழல்வதுதான் தப்பு. விரலால் கழற்றக்கூடியது குலுங்கியும் கழலும். பிரேக் மிதிக்கும்போது பெடலின் உயரம் மாறினால் வண்டி எங்கே நிற்கும்? இதை எதற்கு இப்படி வைத்தாய்?

கொட்டகையின் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. பொன்னுதுரை எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"சுத்தம் பண்றதுக்குத்தான் வெச்சாரு, துவான்" என்று மலாயில் சொன்னாள் கமலவேணி. "எனக்கு அழுக்கு ஆகாது. நான் மருத்துவச்சி."

மொந்தேரோ அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். நட்டைக் கருணாகரன் கையில் வைத்தார். தான் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போவதாகவும், அதற்குள் இந்தக் கட்டைகள் வண்டியோடு ஒன்றாகிவிட்டால் ஓட்டிப் பார்ப்பதாகவும், இல்லாவிட்டால் செப்டம்பரில் வரும்படியும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மணி பதினொன்று இருபது.

கருணாகரன் கருவிப் பையைத் திறந்தான். சாதாரண நட் போட்ட தகரடப்பா எப்போதும் அதில் இருக்கும். இரும்பு வாளும் இருந்தது. சுத்தியல் இரண்டு இருந்தன. எல்லாம் இருந்தன. அவன் கொஞ்ச நேரம் எதையும் எடுக்கவில்லை. நாலாவது டெஸ்டுக்கு நவம்பரில் போட வேண்டும் என்று இருந்தான். பாஸ் செய்த அன்று சாயங்காலம் ஆறு நட்டையும் திருகிக் கழற்றிவிட்டால் போதும். ஐந்து நிமிஷ வேலை. புதன்கிழமை அந்த நட்களைப் பொறுக்கி எடுத்தபோது அதை நினைத்துத்தான் எடுத்தான்.

கமலவேணி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"சொல்லுங்க. எதப் புடிச்சுக்கணும்?"

"அந்தப் பெரிய சுத்திய போல்டு தலமேல வெச்சு அமுக்கிக்க. நான் கீழேருந்து அடிக்கும்போது விடக்கூடாது."

"விடமாட்டேன்."

"கை அதிரும்."

"எத்தன புள்ளைய இழுத்துப் போட்ட கை. அடிங்க."

அவன் ஈரத் தளத்தில் மல்லாக்கப் படுத்துத் தலையை உள்ளே விட்டான். காது நட்களைக் கழற்றிப் பையில் போட்டான். சாதாரண நட்டைப் போட்டு முறுக்கினான். மிச்சம் நீட்டிக்கொண்டிருந்த போல்டை வாளால் அறுத்து, நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டி, காளான் தலைபோல நட்டின் மேல் பரப்பினான். இனி ஸ்பானர் வைத்தாலும் கழலாது. உளி வைத்துத்தான் வெட்ட வேண்டும். முதல் போல்ட் முடிய எட்டு நிமிஷம் ஆனது. இரண்டாவது ஐந்து. இரும்புத் தூள் கண்ணில் விழுந்தது. மேலே அவள் சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் கனம் முழுவதையும் அதன்மேல் போட்டிருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவள் வளையல் ஒரு தரம் குலுங்கியது. நான்காவது போல்டுக்கு வரும்போது அவன் கை வேகம் பிடித்துவிட்டது. வேலை வேலையாகிவிட்டது. ஆறாவதை அடித்தபோது, வேண்டியதைவிட இரண்டு அடி அதிகமாகவே அடித்தான்.

வெளியே வந்தான். முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"இழுத்துப் பாரு" என்றான்.

அவள் இழுத்தாள். "வண்டியே வரும்போலத் தெரியுது."

பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது மொந்தேரோ வந்தார். கையை அடியில் விட்டுத் தடவினார். ஆறு தலையையும் எண்ணினார். பக்கத்துச் சீட்டில் ஏறினார், அவரும் குட்டை. "போகலாம்" என்றார்.

வண்டி தளத்தை விட்டு இறங்கிச் சரிவுப் பக்கம் திரும்பி மறைந்தது. கருணாகரன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி கண்ணுக்குத் தெரியாமல் அந்த எஞ்சினை அவன் கேட்டதில்லை. பெரும்பாலும் தலையை அதற்குள் விட்டுக்கொண்டுதான் கேட்டிருக்கிறான். இப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. முதல் கியர். இரண்டாவது. சரிவில் நின்றது. ஹேண்ட் பிரேக். அந்த இடத்தில் எஞ்சின் அணையும் என்று பயந்தான். அணையவில்லை. கிளட்சை விட்டாள், கொஞ்சம்கூட உறுமாமல் ஏறிற்று. அவன் ஓட்டியிருந்தால் உறுமியிருக்கும். அது அவனுக்குத் தெரியும்.

பொன்னுதுரை வாசலுக்கு வந்து பக்கத்தில் நின்றார்.

"மனுசி நல்லா ஓட்டுறா" என்றார்.

"ஆமாங்க."

"நீர் ஓட்டிறேல்லையோ?"

"எனக்கு லைசென்ஸு இல்லைங்க" என்றான் கருணாகரன்.

மொந்தேரோ இறங்கி, பானட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு வரி எழுதினார். பொன்னுதுரை அதை வாசித்துத் தமிழில் சொன்னார். "பெடல் கட்டை மூண்டும் வண்டியின்ர நிரந்தரப் பாகம். கழட்டப் படாது." எழுதியதை ஊதிக் காயவைத்து நீட்டினார். கருணாகரன் கை நீட்டவில்லை, கையெல்லாம் கிரீஸ். கமலவேணி வாங்கிக்கொண்டாள்.

சைக்கிளை வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார்கள். அவன் பக்கத்துச் சீட்டில் ஏறினான். ஏறியதும் நின்றுவிட்டான், காலை வைக்க இடமில்லை. பேட்டரிப் பெட்டி. முட்டியை மடக்கினான். முட்டி முன் தகட்டில் இடித்தது. பக்கவாட்டில் திரும்பினான். தலை கூரையில் இடித்தது. கடைசியில் இரண்டு முட்டியும் மோவாய் வரைக்கும் வர, கருவிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பைக்குள் ஆறு காது நட்டும் சலசலத்தன.

கமலவேணி பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

"யாருக்குங்க செஞ்சீங்க இந்த சீட்ட?"

"ஒனக்குத்தான்."

"நல்லா அளந்துதான் செஞ்சிருக்கீங்க."

"பாவாடைய வெச்சு அளந்தேன்."

அவள் இன்னும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். பாடாங் மைதானத்தில் கொடிக்கம்பத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் வந்துவிட்டது, ரோட்டிலிருந்து ஆவி எழும்பியது. டுரியான் வண்டிக்காரன் ஒருவன் கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

"அந்தப் பேட்டரிய வேற எடத்துல மாத்த முடியாதா?"

"மாத்தலாம். சீட்டுக்கு அடியில போகும்."

"எத்தன நாளாகும்?"

"ரெண்டு ஞாயித்துக்கெழம."

"அப்ப மாத்துங்க. காலையில ஒங்களப் பட்டறையில எறக்கி விட்டுட்டு நான் அப்பிடியே போயிடுவேன்."

அவன் அதை யோசித்துப் பார்த்தான். பட்டறை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். தேவதாஸும் நிற்பான். பார்க்கட்டும். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு போய் இறங்கலாம்.

பாலத்தின் மேல் ஏறியபோது கீச்சென்று சத்தம் வந்தது. மழையில் நனைந்த பெல்ட். அவன் உடம்பு தானாக நிமிர்ந்தது. தலை கூரையில் முட்டியது. கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது.

கமலவேணியும் கேட்டாள். கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஒரு மாட்டு வண்டி, ஒரு பஸ், நாலைந்து ட்ரைஷா.

"பெல்ட்டு கத்துது. நிறுத்தட்டாங்க?"

அவன் கையைக் கதவுப் பிடியிலிருந்து எடுத்துப் பையின் மேல் வைத்துக்கொண்டான்.

"வேணாம்" என்றான். "வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம். நீ ஓட்டு."